கப்பலேறிய வெள்ளாடு

கதை சொல்கிறவளுக்கு வாய் மட்டும் இருந்தால் போதாது. கேட்கிறவர்கள் ‘உம்’ கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றது. எங்கள் பக்கத்தில் அதுதான் சட்டம். இலுப்பூரில் ஒரு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் பெண்கள் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து நிலக்கடலை உடைப்போம். பருப்பு ஒரு பக்கம், தொலி ஒரு பக்கம். கைக்கு வேலை இருக்கிறது, வாய் சும்மாதானே கிடக்கிறது? அங்கே இருந்த வாய்களில் என் வாய் கொஞ்சம் பெரியது. பள்ளிக்கூட வாசலை நான் மிதித்ததில்லை. பொட்டலக் காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததும், சந்தையில் நாலு பேர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டதும்தான் என் படிப்பு.

அந்த வருஷம் நான் கட்டிய கதை ஒரு சோம்பேறி மருமகனைப் பற்றியது. அவனுக்கு ஒரு மாமியார், மாமியாருக்கு ஒரு வெள்ளாடு. கொடியில் காயப்போட்ட மருமகன் வேட்டியை ஆடு தின்னும். “என் ஆடு உழைச்சுத் திங்குது, நீ என்ன பண்ற?” என்பாள் மாமியார். கிட்டங்கியே குலுங்கும். எங்களில் மூத்த அக்கா ஒருத்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

“ஏத்தா, ஒங் கதையில எவனுக்கும் ஒரு தலைவலி கூட வர மாட்டேங்குதே. நித்தம் பாயசத்தையே ஊத்துனா நாக்கு திகட்டாதா? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாக.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உப்புத்தானே, இந்தா என்று மறுநாளே மருமகனைப் பிழைப்புக்காகக் கப்பலேற்றி, நடுக்கடலில் புயலடிக்க விட்டுக் கப்பலைக் கவிழ்த்துவிட்டேன். பெண்கள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள். மூத்த அக்கா கூட, “பாவி, கொன்னுட்டியே” என்று ஆசையோடு அழுதாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்புறம்தான் ஒரு உம் குறைவது காதில் பட்டது. ரங்கூன் மதினியின் உம் அது. அவள் புருஷன், என் முறைக்கு அண்ணன், தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு ரங்கூனுக்குப் போனவர். அங்கே உலகச் சண்டை வந்து குண்டு விழுந்தபின் கடுதாசி நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். மதினி பருப்பைத் தொலியிலும், தொலியைப் பருப்பிலும் போட்டுக்கொண்டிருந்தாள். கதைக்குக் கப்பல் வேண்டுமென்று தேடியவள், பக்கத்தில் இருக்கிற மனுஷியைப் பார்க்கவில்லையே!

மறுநாள் அவள் கதவோரமாகத் தள்ளி உட்கார்ந்தாள். நான் அவசர அவசரமாக மருமகனுக்கு உயிர் கொடுத்தேன். பெரிய கழுகு ஒன்று வந்தது, அவனைத் தூக்கியது, கரையில் வைத்தது.

“நிறுத்துடி” என்றாள் மதினி. “என் மூஞ்சியப் பாத்து அவனப் பொழைக்க வைக்காத. எரக்கப்பட்டுக் குடுக்குற உசுரு எனக்கு வேணாம்.”

மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு மறுபடி அவளே கேட்டாள்.

“அது கெடக்கட்டும். அந்த ஆடு எங்கடி போச்சு?”

“எந்த ஆடு மதினி?”

“மாமியா ஆடு. கப்பல் கெளம்புனதுலேர்ந்து ஆட்டயும் காணோம், சிரிப்பயும் காணோம். எங்க வீட்டுல நானும் எங்க மாமியாவும் ஆளுக்கொரு மூலையில ஒக்காந்து அழுகுறோம். அந்த நேரம் பாத்து எங்க ஆடு உள்ள புகுந்து ஊறவச்ச அரிசியத் திங்குது. ரெண்டு பேரும் அழுதுகிட்டே தொரத்துறோம். மாமியா வெளக்கமாத்த எறிஞ்சா அது எம் மேல விழுகுது. அப்ப சிரிக்கிறதா, அழுகுறதா? ரெண்டுந்தான் வருது. நீ என்னமோ அழுதா அழுகையே, சிரிச்சா சிரிப்பேங்குற.”

“அப்ப நீங்களே சொல்லுங்க மதினி” என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“கப்பல் கவுந்துருச்சு. அது கவுந்தது கவுந்ததுதான். இவன் ஒரு பலகையப் பிடிச்சுத் தொங்குறான். பலகையில ஏற்கெனவே யாரோ ஒக்காந்திருக்காக. யாருன்னு பாத்தா, மாமியா ஆடு! களவாக் கப்பலேறிருக்கு. கழுதைக்கு டிக்கெட்டும் இல்ல. இவன் தலைப்பாக்கட்ட அவுத்து, எங்கிட்டாச்சும் ஒரு கப்பல் போனா வீசிக் காட்டலாம்னு வச்சிருக்கான். அதையும் தின்னுபுடுச்சு.”

மூத்த அக்கா சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த கடலை சிதறியது. சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: “கரை தெரியுதா?”

“இன்னும் தெரியல” என்றாள் மதினி. “ஆனா ஆடு கண்ணு மூடாம முன்னாடியே பாத்துக்கிட்டு நிக்குது.”

“உம்” என்றேன் நான்.

அதன்பின் அந்தக் கதையை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். பலகையை மட்டும் கரை சேர்க்கவில்லை. அது மதினி சொல்ல வேண்டியது, அவள் சொல்லவில்லை.

அடுத்த கடலை வரத்துக்கு முன்னால் அண்ணன் வந்து சேர்ந்தார். ரங்கூனிலிருந்து காடும் மலையுமாக நடந்து வந்த உடம்பு, கொடியில் போட்ட துணி போல இருந்தது. கூடப்போன தம்பி வரவில்லை. வழியிலேயே காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டில் ஒரே நாளில் ஒப்பாரியும் கேட்டது, வந்தவருக்குக் கோழி அடிக்கிற சத்தமும் கேட்டது.

கொஞ்சம் தேறியபின் ஒரு சாயங்காலம் மதினியைக் கூட்டிப்போகக் கிட்டங்கி வாசலில் வந்து நின்றார். வீட்டில் கதையெல்லாம் கேட்டிருக்கிறார் போல.

“தங்கச்சி, அந்த ஆடு கரையேறிருச்சா?”

நான் மதினியைப் பார்த்தேன். “நீயே சொல்லு” என்று அவள் கண்ணைக் காட்டினாள்.

“ஏறிருச்சுண்ணே” என்றேன். “ஆனா ஒரு கொம்பக் கடல்ல விட்டுட்டு வந்திருக்கு.”

அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

“ஒத்தக் கொம்ப வச்சுக்கிட்டு முட்டுமா தங்கச்சி?”

“மாமியாளக் கண்டா முட்டும்ணே.”

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு வாசற்படியிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

“உம்” என்றார். “அப்புறம்?”