கிளட்ச் வாத்தியாரின் சாயங்காலச் சர்க்கரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒரு நாளில் எந்த வார்த்தையை அதிகமாகக் கத்துகிறாரோ, அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொள்ளும். நம்மவர் கிளட்ச் வாத்தியார். வயது ஐம்பத்து நாலு. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பயிற்சியாளருக்கென்று தனியாகப் பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "கிளட்ச்! கிளட்ச்! காதுல விழுதா இல்லையா?" என்று அலறுவதுதான் இருபத்தாறு வருடமாக அவர் உத்தியோகம். அவரிடம் படித்துத் தேறிய பலருக்கு, இன்றும் தனியாக ஓட்டும்போது காலியான பக்கத்து சீட்டிலிருந்து குரல் கேட்கிறதாம். போன வருடம் ஒருவர் வண்டியையே விற்றுவிட்டார்.

இப்படி ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, ஊரே உத்தரவு போடுகிற காலம் வந்தது.

பயிற்சியாளர்கள் வருடத்துக்கு ஒரு தடவை உடம்பைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அந்த டிரைவிங் ஸ்கூல் முதலாளியின் விதி. வாத்தியாருக்கு ஒன்பது புள்ளி நாலு வந்தது. மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார் முதலாளி. அதற்குள் குறையாவிட்டால் கார் கிடையாது. மாடியில் மின்விசிறி இல்லாத அறையில், போக்குவரத்துச் சின்னங்கள் வரைந்த பலகையைக் குச்சியால் தொட்டுக்காட்டிப் பாடம் நடத்த வேண்டும். "இது வளைவு, இது பள்ளம், இது ஸ்கூல் பசங்க." வாத்தியாருக்கு அந்தக் குச்சியை நினைத்தாலே மூச்சு முட்டியது.

சர்க்கரை டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேச மாட்டார். "சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, இனிப்பு, நாலையும் நல்லா குறைங்க. முட்டை, மீன், கீரை, காய் சாப்பிடுங்க. மாவுச்சத்தைக் குறைச்சா மாத்திரையையும் குறைக்கணும், இல்லன்னா தலை சுத்தி விழுந்துடுவீங்க. அதை நான் பார்த்துக்கிறேன், நீங்களா எதுவும் பண்ண வேண்டாம்" என்று பழைய மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரையை அடித்துவிட்டு, விரல் நுனியில் குத்திப் பார்க்கிற சின்னக் கருவி ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். இத்தோடு விட்டிருந்தால் வாத்தியார் பிழைத்திருப்பார். ஆனால் அவருக்கு ஒரு மனைவி இருந்தார்.

அந்த அம்மாள் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். கிடங்கில் ஒரு வாஷர் குறைந்தாலும் எந்த ஷிப்டில், யார் பையில் போனது என்று மோப்பம் பிடித்துவிடுவார். சமையலறையும் அன்றிலிருந்து கிடங்கானது. அரிசி டப்பா மேல் பரணுக்குப் போனது. பிஸ்கட் டப்பாவுக்குள் பூண்டு குடியேறியது. காலிஃபிளவரைத் துருவி, வேகவைத்து, சோறு மாதிரித் தட்டில் குவித்து, "கண்ணை மூடிட்டு சாப்பிடுங்க, வித்தியாசமே தெரியாது" என்றார்.

"கண்ணை மூடினா மூக்கு திறந்திருக்கே" என்றார் வாத்தியார்.

"மூக்கையும் மூடிக்குங்க."

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தினமும் நாலு வீடியோ அனுப்பினாள். ஒன்றில் பழம் சாப்பிடு என்றார்கள். அடுத்ததில் பழம் விஷம் என்றார்கள். மூன்றாவதில் ஒரு மனிதர் வெறும் வெண்ணெயைக் கரண்டியால் அள்ளித் தின்றுகொண்டே சிரித்தார். பயிற்சிப் பள்ளியில் ரசீது எழுதுகிற பெண்கூட, "சார், வெந்நீர் குடிங்க சார், எல்லாம் போயிடும்" என்றாள். எல்லாம் என்றால் எது என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை. மத்தியானம் சாப்பிட்டது இரண்டு முட்டையும் அரைத் தட்டு முட்டைக்கோஸும்.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், அவர் உண்மையிலேயே ஒழுங்காக இருந்தார். யாரும் பார்க்காதபோதும் இருந்தார். அப்படிப்பட்ட அபூர்வத்தை யாராவது பார்த்துத் தொலைத்திருக்கக்கூடாதா என்ற ஏக்கம்கூட அவருக்கு இருந்தது.

பலன் வந்ததா? காலையில் விரலைக் குத்தினால் நூற்றிருபது, நூற்றுமுப்பது. மனைவி முகத்தில் சிரிப்பு. சாயங்காலம் வேலை முடிந்து வந்து குத்தினால் இருநூற்று நாற்பது. சிரிப்பு பறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையும் மாலையும் நல்ல பிள்ளையாக இருந்தது சர்க்கரை. ஆறு வாரம் இப்படியே போனது. அந்த அம்மாள் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்களை எழுதி, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, அதை வெகுநேரம் பார்த்தார்.

"வீட்டுல இருக்கிற அன்னிக்கு ஏறல. வேலைக்குப் போற அன்னிக்கு ஏறுது."

"டென்ஷன்டி. நீ ஒரு நாள் வந்து அந்த சீட்டுல உட்கார்ந்து பாரு."

"டென்ஷனுக்கு நூறு ஏறுமா? உங்க ஸ்கூலுக்குப் பக்கத்துல பேக்கரி இருக்குல்ல?"

"இருக்கு. போலீஸ் ஸ்டேஷனும்தான் இருக்கு. அதுக்காக நான் திருடனா?"

"நான் அப்படிச் சொல்லலையே. நீங்கதான் சொல்றீங்க."

வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவள், ஒரு கிரீம் பன்னுக்காக நம்மைச் சந்தேகப்படுகிறாளே! தின்றிருந்தாலாவது வாங்கின திட்டுக்கு நியாயம் இருக்கும்.

அந்த அம்மாள் அதோடு நிற்கவில்லை. தன் தம்பியை வேவு பார்க்க அனுப்பினார். தம்பி இன்சூரன்ஸ் விற்பவன். யாரிடமும் எதையும் மறைக்கத் தெரியாதவன். மூன்று நாள் பேக்கரியில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து மாமா வருகிறாரா என்று காவல் காத்தான். சும்மா உட்கார விடுவார்களா? மூன்றாம் நாள் வாத்தியார் சிக்னலில் நின்ற காரிலிருந்து அவனைப் பார்த்துவிட்டார். மீசையில் கிரீமோடு கையை ஆட்டினான்.

"மாமா நல்லவர்க்கா" என்று அன்று வந்து சாட்சி சொன்னான். "அந்தப் பக்கமே திரும்பல. ஆனா அங்க பன் ரொம்ப பிரமாதம்."

"அப்ப வேற கடை" என்று முடித்தார் அக்கா.

பயிற்சிப் பள்ளியில் அப்போது ஒரு தையல்கார அம்மா படித்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. மூன்று தடவை சோதனையில் தோற்று, நாலாவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். எதையும் எண்ணாமல் அவருக்கு முடியாது. சிக்னலில் எத்தனை வண்டி, தெருவில் எத்தனை பால்கனி, வைப்பர் எத்தனை தடவை ஆடியது, எல்லாம் உதட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கியரை மட்டும்தான் எண்ண மாட்டார்.

அன்றைக்கு மேட்டில் வண்டி பதினோராவது தடவையாக அணைந்தது. பின்னால் ஹாரன் பிய்த்துக்கொண்டு போனது.

"மேடம்! கிளட்ச்! காலை மெதுவா எடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"பதினேழு தடவை சார்" என்றார் தையல்கார அம்மா.

வாத்தியார் பல்லைக் கடித்தார். வழக்கம்போலக் கை தானாகப் போய், கியருக்குப் பக்கத்துக் குழியில் இருந்த தகர டப்பாவைத் திறந்து, ஒரு தொண்டை மாத்திரையை எடுத்து வாயில் போட்டது. நாள் முழுக்கக் கத்துகிறவர்களின் தொண்டை கட்டிக்கொள்ளாமல் இருக்க முதலாளி ஒவ்வொரு காரிலும் இந்தச் சப்புகிற மாத்திரையை ஒரு டப்பா வைத்திருப்பார். மருந்துக் கடையில் வாங்குவது. அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"இதோட பதினொண்ணு" என்றார் தையல்கார அம்மா.

"என்ன பதினொண்ணு?"

"நான் வண்டியை அணைக்கிறப்பல்லாம் நீங்க ஒண்ணு போட்டுக்கிறீங்க சார். நேத்து பதினாலு. என் ஒரு வகுப்புக்கு மட்டும். எனக்கு முன்னாடி வர்றவர் என்னைவிட மோசமாமே?"

"தொண்டைக்கு மருந்து மேடம் அது. நீங்க ரோட்டைப் பாருங்க."

"மருந்துதான் சார். எங்க வீட்டுக்காரருக்கும் வாங்கிக் கொடுத்தேன். நாலு நாள்ல அந்த டப்பாவைச் சுத்தி எறும்பு."

வாத்தியார் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். அந்த அம்மா ஓரத்திலும் அணைத்துதான் நிறுத்தினார். வாத்தியார் அதைக் கவனிக்கவில்லை. டப்பாவைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். முதலில் சர்க்கரை. இரண்டாவது குளுக்கோஸ் பாகு. அதற்குப் பிறகு, ஏதோ போனால் போகிறது என்பது போல, கொஞ்சம் மருந்து. ஒன்றுக்கு இரண்டரை கிராம் சர்க்கரை என்று கணக்கும் போட்டிருந்தான் பாவி. ஒரு நாளைக்குக் குறைந்தது முப்பது போட்டிருப்பார். சோற்றைப் பரணில் ஏற்றிவிட்டு, பிஸ்கட்டைத் துரத்திவிட்டு, காலிஃபிளவரை மூக்கைப் பிடித்து விழுங்கிவிட்டு, நாளுக்கு எழுபத்தைந்து கிராம் சர்க்கரையைப் பொறுப்பாகச் சப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திட்டுவதற்கு ஆள் இல்லாததால் தொண்டைக்கும் மாத்திரை தேவைப்படவில்லை.

வாயில் இருந்ததைக் கைக்குட்டையில் துப்பினார். டாஷ்போர்டை இரண்டு தட்டு தட்டினார். பிறகு தன் தலையிலும் ஒன்று.

"நான் எதுவும் தப்பா சொல்லிட்டேனா சார்?" என்றார் அந்த அம்மா.

"கிளட்ச்சை மிதிங்க மேடம். தயவுசெஞ்சு மிதிங்க."

வீட்டில் டப்பாவைச் சமையல் மேடையில் வைத்தார். மனைவி திருப்பித் திருப்பிப் படித்தார்.

"எத்தனை வருஷமா?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து."

"ஒரு நாள்கூடப் பின்னாடி படிக்கலையா?"

"மருந்து பின்னாடி யாருடி படிக்கிறா? நீ படிச்சியா? என் சட்டைப் பையிலேர்ந்து துவைக்கிறப்ப எத்தனை தடவை எடுத்து வெச்சிருக்கே!"

அந்த அம்மாளுக்கு அது சுருக்கென்று குத்தியது. ஒரு வாஷரை விடாதவர், தினமும் கையில் எடுத்ததை விட்டிருக்கிறார். அதனால் குரலை உயர்த்தினார். "இப்ப என் மேலயா பழி? தின்னது யாரு?"

"தின்னேன். திருடித் தின்னல. திருடறவனுக்காவது திருடறோம்னு தெரியும். எனக்கு அதுவும் தெரியலையே!"

அந்த அம்மாள் நோட்டை எடுத்து நாளை எண்ணினார். தவணைக்கு ஆறு வாரம் மிச்சம்.

மறுநாள் மருந்துக் கடையில் சர்க்கரை இல்லாத தொண்டை மாத்திரை வாங்கினார். சர்க்கரை இல்லைதான். ஆனால் முப்பது சப்பினால் வயிறு என்ன ஆகும் என்பதை அந்த டப்பாவில் இன்னும் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிய, பழகுநர் இளைஞன் கண்ணாடி பார்த்து, சைகை காட்டி, எல்லாம் முறையாகச் செய்துகொண்டிருக்க, வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, "போ! பரவாயில்ல, வேகமா போ!" என்று கெஞ்சினார். அந்தப் பையன் வெளியே போய், சார் ரொம்ப மாறிவிட்டார் என்று சொல்லியிருக்கிறான்.

அதுவும் வேண்டாம் என்று வெறும் தண்ணீர் பாட்டிலோடு போனார். நாலாம் நாள் குரல் போய்விட்டது. கிளட்ச் என்பதை முழங்காலில் தட்டிக் காட்டினார். பிரேக் என்பதைக் கண்ணை உருட்டி. கத்தாத வாத்தியாரைக் கண்டு படிக்கிறவர்கள் கலங்கிப் போனார்கள். திட்டு வராததால் ஓட்டியது சரியா தப்பா என்று தெரியாமல் தவித்தார்கள். தையல்கார அம்மா நாலாவது தடவையும் தோற்றார். இந்த முறை வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. நிற்க வேண்டிய இடத்திலும் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலச் சர்க்கரை மட்டும் இறங்கியது. நூற்றைம்பது. நூற்றுநாற்பது. நோட்டில் எழுதும்போது மனைவி பேனாவை அழுத்தாமல் எழுதினார். வாத்தியாருக்கு அது போதவில்லை. தின்னாத பன்னுக்குத் திருடன் பட்டம் சுமந்தவருக்கு ஒரு வார்த்தை வர வேண்டியிருந்தது. அவர் கேட்க மாட்டார்; அந்த அம்மாள் சொல்ல மாட்டார். நடுவில் காலிஃபிளவர்.

தவணை நாளில் ரத்தம் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து டாக்டர் காகிதத்தைப் பார்த்து, "ஏழு புள்ளி ஒன்பது" என்றார்.

"அதாவது?" தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"எட்டுக்குக் கீழ. இன்னும் குறையணும், ஆனா சரியான வழியிலதான் போறீங்க. அந்த மூக்கால அழற மூஞ்சியை மாத்துங்க, பாஸாயிட்டீங்க." கையெழுத்துப் போட்டு, மேலே "ஆறு மாதத்துக்கு மட்டும்" என்று முத்திரை குத்தினார்.

வீட்டில் மனைவி அந்தச் சான்றை முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் படித்தார். பின்பக்கம் வெற்றுத்தாள், அதையும் படித்தார்.

"ஆறு மாசம்தானா?"

"ஏன், ஆயுசுக்கும் எழுதித் தருவாங்களா? நான் என்ன பட்டாவா கேட்டேன்?" என்று காற்றுக் குரலிலேயே சீறினார் வாத்தியார்.

அந்த அம்மாள் காகிதத்தை மடித்து, தன் கைப்பைக்குள், தொழிற்சாலை அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, குனிந்து, உள்ளே தலையை விட்டுக்கொண்டு ஏதோ சொன்னார்.

வாத்தியாரின் காது நிமிர்ந்தது. "என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல."

"இல்ல, என்னமோ சொன்னே. தப்புன்னு ஒரு வார்த்தை கேட்டுச்சு."

"சந்தேகப்பட்டது தப்புதான்னேன். போதுமா?"

"யார்கிட்ட சொன்னே?"

"முட்டைக்கோஸ்கிட்ட."

"என்கிட்ட சொல்லு. சரியாக் கேக்கல."

அந்த அம்மாள் முட்டைக்கோஸை எடுத்துப் பலகையில் வைத்து, கத்தியைக் கையில் எடுத்தபடி திரும்பினார்.

"கேக்கலன்னா காது டாக்டர்கிட்ட போங்க. இந்த மூணு மாசத்துல அவர் ஒருத்தரைத்தான் நாம இன்னும் பார்க்கல."