வேறொருவர் கையில் என் பழைய எண்

எங்கள் ஊர் ஆந்திராவில், நாகலாபுரம் பக்கம். சிறிது தூரத்தில் தமிழ்நாட்டு எல்லை. ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் எங்களில் பலர் ஆந்திராவுக்கு ஒன்று, தமிழ்நாட்டுக்கு ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருந்தோம். நான் வேலைக்காகத் திருப்பதியில் குடியேறினேன். பிறகு அந்தக் கட்டணமும் ஒழிந்தது. தமிழ்நாட்டு சிம்மைக் கழற்றி மேசை டிராயரில் போட்டேன். அதன்பின் ரீசார்ஜ் செய்யவில்லை.

பதினோரு வருட நாட்குறிப்பு என் மின்னஞ்சலில் இருந்தது. தினமும் எனக்கே ஒரு கடிதம். வேறு பிரதி கிடையாது. போன் உடைந்து புதியது வாங்கி மின்னஞ்சலைத் திறக்கப் போனால், கடவுச்சொல் போதாது, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும் என்றது. அது போனது அந்தப் பழைய தமிழ்நாட்டு எண்ணுக்கு. சிம்மைத் தேடியெடுத்துப் போட்டுப் பார்த்தேன். உயிர் இல்லை.

அந்த எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். ஊத்துக்கோட்டையில் தையல் கடை வைத்திருப்பவர். ரீசார்ஜ் இல்லாமல் கிடந்த என் எண்ணை கம்பெனி மறுபடி விற்றிருக்கிறது; அவர் சிம் வாங்கி எட்டு மாதம் ஆகிறதாம். விஷயத்தைச் சொன்னேன்.

“ஓ, நீங்கதானா அது? உங்க கேஸ் சிலிண்டர் மெசேஜெல்லாம் எனக்குத்தான் வந்துக்கினு கீது. சுகர் டெஸ்ட் ரிசல்ட்ட வாங்கினீங்களா இல்லியா? மூணு வாட்டி வந்துச்சி.”

“இன்னும் வாங்கலம்மா. இப்ப ஆறு நம்பர் வந்திருக்கும், அத்த மட்டும் சொல்லுங்க.”

“அத்த மட்டும் கேக்காதீங்கண்ணா. யாராண்டையும் சொல்லாதன்னு அதுலயே போட்டுக்கீது. ஆதார் கார்டு எடுத்துக்கினு நேர்ல வாங்க.”

ஸ்பீக்கரில் கேட்டபடி அருகில் நின்ற மனைவி, “சுகர் டெஸ்டா? இன்னாத்துக்கு?” என்றாள்.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன். அவர் என் ஆதார் அட்டையில் இருந்த பெயரை சிலிண்டர் மெசேஜில் இருந்த பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிறகு என்னைப் புதிதாக ஆறு இலக்க எண் கேட்கச் சொல்லி, வந்ததை வாசித்தார். மின்னஞ்சல் திறந்தது. முதல் நாள் குறிப்பு வரை எல்லாம் இருந்தது. அங்கேயே பழைய எண்ணை நீக்கிவிட்டு இப்போதைய எண்ணைச் சேர்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. என் பூட்டின் சாவி ஒன்று எட்டு மாதமாக முன்பின் தெரியாத ஒருவரிடம் இருந்திருக்கிறது. அது அவரிடம் போய்ச் சேர்ந்தது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அந்த எண்ணை எங்கெங்கே கொடுத்திருந்தேன் என்று நோட்டில் எழுதினேன். ஏழு இடம் தேறியது. சரிபார்க்க அவரைத்தான் அழைக்க வேண்டியிருந்தது.

“ஒம்போதுண்ணா,” என்றார். “எழுதிக்கோங்க.”