ரோந்துக் காரைக் கண்டால் இறங்குகிறவன்

கனடாவின் மொன்றியல் நகரத்தில் பொலிஸ் காரைக் கண்டவுடன் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். எங்கள் ஊரான திருகோணமலையில் அது எல்லோருக்கும் பழக்கம். தூரத்தில் ஆமிக்காரரின் காவலரண் தெரிந்ததும் இறங்குவோம். தலையைக் குனிந்து சைக்கிளை உருட்டி, அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் மறுபடி ஏறுவோம். இறங்காமல் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். அதனால் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கால் தானாக இறங்கும்.

அகதியாக வந்து எட்டு மாதமாகியிருந்தது. தையல் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டும் வேலை. தேவாலயத்தில் தந்த பழைய பச்சைச் சைக்கிளில் காலையில் வேலைக்குப் போவேன். வழியில், டெப்பனர் என்று அங்கே சொல்கிற சின்னப் பலசரக்குக் கடை ஒன்று. அதன் முன்னால் அநேகமான நாட்களில் ஒரு ரோந்துக் கார் நிற்கும். உள்ளே மீசை வைத்த பெரிய மனிதர் ஒருவரும் ஒரு பெண்ணும் சீருடையோடு கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். நான் இறங்குவேன், உருட்டுவேன், ஏறுவேன்.

என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டான். வீட்டுக்கு வந்து, அகப்பையைச் சைக்கிள் ஹாண்டிலாகப் பிடித்து, மற்றவர்களுக்கு நடித்துக் காட்டினான்.

"அண்ணை, உங்களைக் கள்ளன் எண்டுதான் நினைப்பாங்கள். பேந்து சைக்கிளும் போகும், கேசும் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அகதி விசாரணைக்கு ஐந்து வாரம் இருந்தது. என்னை ஏற்றுக்கொண்டால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட முடியும். பொலிசில் பெயர் பதிந்தால் எல்லாம் முடிந்தது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. இனி இறங்குவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு அடுத்த நாள் புறப்பட்டேன். காரைக் கண்டதும் கால் இறங்கிவிட்டது.

அன்று கார் நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றது.

சைக்கிள் யாருடையது என்று கேட்டார்கள். தமிழிலேயே நாலு பேர் முன்னால் கதைக்க வெட்கப்படுகிறவன் நான். பெரிய மனிதர் சைக்கிளைக் கவிழ்த்து, அடியில் பொறித்திருந்த இலக்கத்தை வயர்லெஸ்சில் வாசித்தார். பதில் வரும்வரை மகளை நினைத்துக்கொண்டு நின்றேன். களவு போனதாக முறைப்பாடு ஏதும் இல்லை என்று பதில் வந்தது.

அந்தப் பெண் அப்போதும் விடவில்லை. எங்களைக் கண்டால் ஏன் இறங்குகிறாய் என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். ஒரே தெருக்களைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதுதான் தங்கள் வேலை, வழக்கத்துக்கு மாறாக எவர் நடந்தாலும் கண்ணில் படும் என்றார்.

பதில் சொல்லும் அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. சைக்கிளை நிமிர்த்தி ஏறினேன். தெருவிளக்குக் கம்பத்தைக் காட்டி, "ஆமி" என்றேன். அதை நோக்கி ஓட்டிப் போய், இறங்கி, தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு தாண்டினேன். திரும்பி வந்து அவர்களுடைய காரைத் தொட்டு, "சேம்" என்றேன். பஸ்சுக்கு நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கம் எங்கே போனதோ தெரியாது.

பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். அந்தப் பெண் அந்தக் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இங்கே யாருக்காகவும் இறங்க வேண்டாம், சிவப்பு விளக்குக்கு மட்டும் நின்றால் போதும் என்றார். தங்களுக்கு முன்னாலேயே ஒருமுறை ஏறி ஓட்டிப் போகச் சொன்னார். பொலிஸ் கட்டளை அல்லவா, ஏறினேன். ஹாண்டில் ஆடியது. காரைத் தாண்டும்போது கால் இறங்கப் பார்த்தது. விடவில்லை.

அடுத்த நாள் அதே இடத்தில் மணியடித்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் கோப்பிக் கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

விசாரணையில், காவலரணில் என்ன நடக்கும் என்று கேட்டார்கள். முன்பென்றால் வாய்க்குள்ளேயே முணுமுணுத்திருப்பேன். எழுந்து நின்று, இல்லாத சைக்கிளை அந்த அறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை உருட்டினேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை மூவரும் நடக்கப் போனோம். ரோந்துக் கார் ஒன்று மெதுவாக வந்தது. மனைவி மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதிலோரம் ஒதுங்கிக் குனிந்தாள்.

"ஏன் நிக்கிறாய்? நட. அவை பாத்துக்கொண்டு போவினம், அவ்வளவுதான்."

அவள் காரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "நீங்களே இப்பிடிக் கதைக்கிறீங்கள்?"

"ஓம், நான்தான்."

நடைபாதையின் நடுவில், தலை நிமிர்ந்து, மூவரும் நடந்தோம்.