படையலுக்கு ஒரு நெக்ரோனி

வெள்ளவத்தையில் சாராயக் கடையின் கம்பி வலைக்கு முன்னால் நின்ற வரிசையில் நான் ஒருத்திதான் பெண். ஆண்கள் கொஞ்சம் விலகி எனக்கு இடம் விட்டார்கள், அதுதான் கூச்சமாக இருந்தது. தொரன்ரோவில் நான் மதுப் போத்தலைக் கூச்சமில்லாமல் வாங்கிப் பழகியவள். ஜின் ஒன்று கேட்டேன். சிவப்பாக, கசப்பாக, இத்தாலியில் இருந்து வருகிற ஒரு போத்தல் இருக்கிறதா என்றும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் யோசித்துவிட்டு இனிப்பான சிவப்பு வைன் ஒன்றை எடுத்து வைத்தார். இல்லை, கசக்க வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "மஹத்தயாட்டத, மிஸ்?" என்றார். ஐயாவுக்கா என்று கேட்கிறார். ஓம், அவருக்குத்தான் என்றேன். திருப்தியோடு ஜின்னைக் கடதாசியில் சுற்றித் தந்தார். அந்த ஐயா செத்து ஒரு வருடம் ஆகிறது என்பதை அவருக்கு ஏன் சொல்ல வேண்டும்?

என் கணவர் கேதீஸின் ஆட்டைத் திவசத்துக்காகத்தான் நான் கொழும்புக்கு வந்திருந்தேன். ஐயர் வந்து மரக்கறியோடு செய்கிற திவசம் முடிந்த மறுநாள், செத்தவருக்குப் பிடித்த மச்சச் சாப்பாட்டையும் குடியையும் அவருடைய படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பது அவர்கள் வீட்டு வழக்கம். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. எங்களுக்குப் பூசையோடும் மெழுகுதிரியோடும் அலுவல் முடிந்துவிடும். ஆனாலும் செத்தவருக்குத் தாகம் எடுக்கும் என்று நம்புகிறவர்களை எனக்குப் பிடிக்கும். பிரச்சினை எதை வைப்பது என்பதில்தான் வந்தது.

நண்டுக் குழம்பு, இறால் பொரியல், ஒரு கிளாஸ் சாராயம் என்று கேதீஸின் அம்மா, என் மாமி, அடுக்கிக்கொண்டு போனார். கேதீஸ் சாராயத்தை விட்டுப் பல வருடமாகிறது, வேறொன்றுதான் விரும்பிக் குடிப்பார் என்றேன். மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ர பிள்ளையை எனக்குத் தெரியாதே?" என்றார். சுவரில் இருந்த படத்தில் கேதீஸுக்கு அடர்ந்த மீசை, தலை நிறைய மயிர். சுற்றிவளைப்புகளில் இராணுவம் இளம் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், நகையை விற்று மாமி வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்த பிள்ளை அது. அதன்பின் அவர் திரும்பி வந்து இங்கே வாழவேயில்லை. நான் தொரன்ரோவில் சந்தித்த மனிதருக்கு மீசையும் இல்லை, பாதித் தலைமயிரும் இல்லை. எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கேதீஸ் இருந்தார், மாமியுடையவரை நான் அறியேன், என்னுடையவரை மாமி அறியார்.

அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் குசினி ஒரு பரிசோதனைக்கூடம். பழைய பேர்பெற்ற கொக்டெயில்களை எடுத்து, ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்ப்பார் கேதீஸ். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவருடைய சட்டம். ஓல்ட் ஃபஷன்டில் சீனிக்குப் பதிலாகக் கித்துள் பாணி விட்டது அருமையாக வந்தது. விஸ்கி சவரில் எலுமிச்சைக்குப் பதில் பழப்புளி, அதுவும் பரவாயில்லை. டாக்கிரியில் ஊறுகாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு, நான் குடிக்கும்வரை முகத்தை ஒன்றும் தெரியாதவர் போல வைத்திருந்தார். வெளியே பனி கொட்டும். இவர் எலுமிச்சைத் தோலைச் சீவிக்கொண்டு, சுருதி இல்லாமல் பாடுவார். நெக்ரோனியில் மட்டும் கை வைக்க விடமாட்டார். ஜின், இனிப்பு வெர்மூத், அந்தச் சிவப்புக் கசப்பு, மூன்றும் சம அளவு. எல்லாவற்றையும் மாற்றித்தானே இந்த நாட்டில் வாழ்கிறோம், ஒன்றாவது அதுவாகவே இருக்கட்டும் என்பார்.

அதனால் கசப்புப் போத்தலையும் வெர்மூத்தையும் தொரன்ரோவிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். பெட்டியைத் திறந்தபோது இரண்டும் உடைந்து, திவசத்துக்கென்று எடுத்துவந்த வெள்ளைச் சேலை முழுவதும் சிவப்பு. கட்டிலில் இருந்து அழுதேன். கொள்ளுப்பிட்டிக் கடைகளிலும் விசாரித்தேன். முடிந்துவிட்டது, வந்தால் சொல்கிறோம் என்றார்கள். அவர் தொடவே விடாத பானத்தில் மூன்றில் இரண்டை நான் மாற்ற வேண்டியதாயிற்று.

கொட்டாஞ்சேனைக்குப் போய், அம்மா நத்தாருக்கென்று முந்திரிகை வற்றலில் ஊறப்போட்ட வைனில் ஒரு போத்தல் வாங்கிவந்தேன். அது வெர்மூத்துக்கு. கசப்புக்கு, மருந்துச் சரக்குக் கடையில் வாங்கிய, காய்ச்சலுக்கு அவித்துக் குடிக்கிற மரமஞ்சளையும் தோடம்பழத் தோலையும் அவித்து, சீனி போட்டு, நிறத்துக்கு ஒரு துண்டு பீட்ரூட்டும் போட்டு வடித்தேன். மாமி அடுப்படிக்கு வந்து மணந்து பார்த்துவிட்டு, காய்ச்சலோ என்று கேட்டார். கேதீஸின் குடி என்றேன். திரும்பி நண்டை உடைக்கப் போய்விட்டார்.

படையலன்று சாராயக் கிளாஸை மாமி வைத்தார். பக்கத்தில் என் சிவப்புக் கிளாஸையும் வைத்தேன். தடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு விறாந்தையில் இருந்தோம். கடற்கரை ரயில் ஒன்று போனது. உள்ளே வரும் கேதீஸ் என் கிளாஸை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். பிறகு, வரவே போவதில்லை என்றும் நினைத்தேன்.

கதவைத் திறந்தபின் படைத்ததைப் பகிர வேண்டும். வாழ்நாளில் மதுவைத் தொடாத மாமி, சாராயத்தை விட்டுவிட்டு என் கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"இந்தக் கசப்பையோ அவன் விரும்பிக் குடிச்சவன்?"

ஓம் என்றேன்.

"ஜெசி, ஒளிக்காமச் சொல்லு. அங்க அவனுக்குச் சந்தோஷம் இருந்ததோ?"

இத்தனை வருடமும் மாமி தொலைபேசியில் கேட்டது சாப்பிட்டியா, குளிரா என்பவைதான். இதைக் கேட்கப் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். பனி, எலுமிச்சைத் தோல், சுருதி இல்லாத பாட்டு, ஊறுகாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். ஊறுகாய்த் தண்ணீருக்கு மாமி சிரித்தார். சின்ன வயதிலும் அவன் அப்பிடித்தான் என்றார்.

"நல்லாச் சந்தோஷமா இருந்தவர், மாமி."

"அப்ப நான் அனுப்பினது பிழையில்லை."

"பிழையில்லை, மாமி."

அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருடம் நான் வராவிட்டால் இதை யார் செய்வது, தனக்குச் சொல்லித்தா என்றார். உண்மையான நெக்ரோனி இதுவல்ல என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஜின், கொட்டாஞ்சேனை வைன், மரமஞ்சள் தண்ணீர், மூன்றும் சம அளவு என்றேன். மாமி திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினார். சாராயம் படைப்பதை இனி விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். இரண்டு கிளாஸையும் கழுவித் துடைத்து, என்னுடையதைப் படத்தின் கடற்பக்கத்திலும் சாராயக் கிளாஸை வாசற்பக்கத்திலும் கவிழ்த்து வைத்தார்.

"ரெண்டும் இருக்கட்டும். எந்தப் பக்கத்தால வாறானோ, அதை எடுத்துக் குடிக்கட்டும்."