தொண்ணூறு படிகள்

ஆங்கிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்பார்களே, அதில் நான் புலி. அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் பதினோராம் வகுப்புப் படித்தபோது என் வழி இதுதான்: முதலில் கேள்வியைப் பார்ப்பேன். அதே வார்த்தைகள் பகுதியில் வரும் இடத்தைத் தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிடுவேன்.

தாராவியிலிருந்து வரும் செல்லம்மாள் என் பக்கத்து பெஞ்ச். ஒருநாள் கலங்கரை விளக்கம் பற்றிய பகுதி. நான் ஐந்து கேள்வியையும் முடித்துவிட்டேன். அவள் இன்னும் வரிக்கு அடியில் விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அதை எதுக்குடி படிக்கறே? கேள்வியைப் பாரு."

நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "மவன் கடலோட போயிட்டான். இவ வெளக்க ஏத்த தெனமும் தொண்ணூறு படி ஏறுதா. ஏட்டி, இன்னும் எத்தன நாளைக்கு ஏறுவா?"

"யாரு?" என்றேன்.

கேட்ட பிறகுதான் என் நோட்டைப் பார்த்தேன். 'அவள் தொண்ணூறு படிகள் ஏறினாள்' என்று ஆங்கிலத்தில், என் கையெழுத்தில் இருந்தது. அந்த 'அவள்' யாரென்று எனக்குத் தெரியவில்லை.

பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத இவள், அந்தத் தாயோடு உச்சி வரை ஏறிப் போயிருக்கிறாள். நான் வாசலில்கூட நிற்கவில்லை.

டீச்சர் திருத்தியபோது எனக்குப் பத்து. இரண்டே கேள்வி எழுதிய செல்லம்மாளுக்கு நான்கு.

அன்று சாயங்காலம் அந்தப் பகுதியை முதல் வரியிலிருந்து படித்தேன். தொண்ணூறாவது படியில் எனக்கும் மூச்சு வாங்கியது.