வெடிக்கு அசராத வெள்ளை நாய்

இரண்டு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை அமாவாசையன்று செஞ்சியில் நடந்தது இது. நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்களுக்குச் செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் நிலக்கடலை விவசாயம். காவலுக்கு வெள்ளை ராஜபாளையம் பெட்டை ஒன்று வளர்க்கிறோம். நான் ஒரு குரல் கொடுத்தால் வயலின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வரும். அதைச் சேர்க்கைக்கு விட வேண்டும் என்றதும், என் வீட்டுக்காரரும் அவருடைய மாமாவும் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற மாதிரி கிளம்பிவிட்டார்கள். பக்கத்துக் கிணற்றடியில் கெட்டிக்கார ஆண் நாய் ஒன்று இருந்தது. முதுகில் செவலைத் திட்டு இருக்கிறதாம், வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டார்கள்.

கடைசியில் செஞ்சி கடைத்தெருவில் ஒரு வியாபாரி வீட்டு நாயைப் பிடித்தார்கள். பெட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அந்த மனிதர் காபி கொடுத்துவிட்டு வம்சப் பெருமையை ஆரம்பித்தார்.

"அப்பன், தாத்தன், முப்பாட்டன் எல்லாம் சுத்த வெள்ளைங்க. வெளி ரத்தம் ஒரு சொட்டு கலக்கல. தீபாவளிக்கு வாசல்ல சரவெடி வைக்கறாங்க, இது பக்கத்துலயே படுத்துத் தூங்குது. அதாங்க வீரம்!"

மாமா சொக்கிப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது அமாவாசைக்கு விட்ட மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ் ஒன்று தெருமுனையில் ஏர் ஹாரன் அடித்தது. என் கையில் காபி சிந்தியது. எங்கள் பெட்டை துள்ளி எழுந்தது. வாசலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த அந்த வீரன் காதைக்கூட அசைக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து, எழுந்து போய் அதன் தலைக்குப் பின்னால் ஓங்கிக் கை தட்டினேன். அப்போதும் அது கண்ணைத் திறக்கவில்லை.

"இதுக்குக் காது கேக்கலீங்க" என்றேன்.

"ஜாதி நாய்ம்மா. கண்ட சத்தத்துக்கெல்லாம் திரும்பாது" என்றார் வியாபாரி.

"பெரிய மனுசன் வூட்டுக்கு வந்து இன்னா பேச்சு பேசற? சும்மா இரு" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார். மாமா சிரித்தார். சேர்க்கை நடந்து முடிந்தது.

குட்டிகள் பால் வெள்ளையாகப் பிறந்தன. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. குட்டிகள் ஓடியாட ஆரம்பித்த பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. தட்டைத் தட்டினால் பாதிக் குட்டிகள்தான் சோற்றுக்கு வரும். மீதி தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும்.

அந்த மீதியில் ஒன்று களத்தில் உட்கார்ந்திருந்தபோது டிராக்டர் பின்னோக்கி நகர்ந்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். எங்கோ இருந்த தாய் பாய்ந்து வந்தது. குட்டி மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை. சக்கரம் அதன் மேல் ஏறிவிட்டது.

அழுதுகொண்டே, தட்டுச் சத்தத்துக்கு வராத மற்றக் குட்டிகளைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனேன். பிறவியிலேயே செவிடு, வெள்ளை நிறத்துக்காக ஒரே வம்சத்துக்குள் சேர்த்துக்கொண்டே போனால் இப்படி வரும், காது கேட்காததை மறுபடி சேர்க்கைக்கு விடாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமா கொஞ்சமும் கூசாமல், "வுடும்மா, கலர் நல்லா வந்துருக்குது இல்ல? அடுத்த தடவையும் அங்கியே வுடலாம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒன்றை மட்டும் எழுதலாம்.

"நாயோட முப்பாட்டன் வரைக்கும் கேட்டீங்களே, உங்க முப்பாட்டன் பேர் இன்னா? சொல்லுங்க பாக்கலாம்!"

அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை நானே பெட்டையைக் கிணற்றடி நாயிடம் கூட்டிப் போனேன். செவலையும் வெள்ளையுமாகப் பிறந்த அத்தனை குட்டிகளும் தட்டுச் சத்தம் கேட்டதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடி வந்தன.

முதல் ஈற்றில் பிறந்த செவிட்டு ஆண் ஒன்று இன்னும் எங்களோடு இருக்கிறது. தரையில் காலை ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். அந்த வியாபாரி வீட்டு வம்சம் என்று கேள்விப்பட்டு அதைச் சேர்க்கைக்குக் கேட்டு இன்றும் பைக்கில் ஆட்கள் வருகிறார்கள். காது கேட்காது என்றால், "பரவால்ல, கலர் இருக்குது இல்ல" என்கிறார்கள். நான் கேட்டை இழுத்துச் சாத்திவிடுகிறேன். முப்பாட்டன் யாராக இருந்து அந்தக் குட்டிக்கு என்ன பிரயோஜனம், அன்று களத்தில் நான் கத்தியது அதன் காதில் விழுந்திருந்தால் போதுமே.