காலி இருக்கையின் எடை

சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. விண்வெளிப் பயண விளையாட்டு ஒன்றுக்கு ரசிகர்களே விண்கலங்கள் செய்து இணையத்தில் போடுவார்கள். வெளியிடும் முன் அவற்றை ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்வது என் பொழுதுபோக்கு.

கடலோரத் தேங்காய்த்திட்டில் இருந்த நண்பன் செல்வம் செய்த கலம், எப்படி இறக்கினாலும் வலப்பக்கம் சாய்ந்தது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருந்த காலி இருக்கைக்கு ஓர் ஆளின் எடை போடப்பட்டிருந்தது. அதைப் பூஜ்யமாக்கியதும் கலம் நேராக இறங்கியது. செல்வத்தைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என் தம்பி சீட்டுடா. அவன் உருவம் செய்ய எனக்கு வரல. வெயிட்ட மட்டும் போட்டு வெச்சேன்."

அந்த வருஷம் ஐப்பசியில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன அவன் தம்பி திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"காரியம் பண்ண அம்மாவே இன்னும் ஒத்துக்கல. நீ எடுத்துட்ட," என்றான். குரலை உயர்த்தவில்லை.

எடையைத் திரும்பப் போட்டேன். கலம் வலப்பக்கம் சாய்ந்தே இறங்கியது. சோதனைக் குறிப்பில் 'பிழை எதுவும் இல்லை' என்று எழுதினேன்.

அது பொய்யா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.